குரோம் தோலும் பட்டைத் தோலும்

பல்லாவரத்தைத் தாண்டித் தாம்பரம் போகும் வழியில் வரும் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது ஒரு தோல் தொழிற்சாலை. ஜி.ஏ. சேம்பர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடத்திய குரோம் லெதர் கம்பெனியில் குரோமிய உப்பால் தோல் பதனிட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அதை ஈ.ஐ. தோல் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்று வெளிர்நீலம், மற்றது பழுப்பு. ஒன்று உலோகத்தின் வேலை, மற்றது மரத்தின் வேலை.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் பலர். குரோம் வேகமானது, பட்டை தாமதமானது. குரோம் நஞ்சு, பட்டை இயற்கை என்ற அளவில் அந்த ஒப்பீடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நான் இரண்டையும் வேறோர் இடத்தில் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். தோல் செருப்பாகவோ கைப்பையாகவோ மாறி அலமாரியில் சும்மா இருக்கும்போதும் அதற்குள் ஊறியிருக்கும் எண்ணெயில் ஒரு வினை நடந்துகொண்டே இருக்கிறது. பதினோராம் வகுப்புக் கரிம வேதியியலில் ‘தனி உறுப்பு வினைவழிமுறை’ என்று நாம் படித்த அதே வினை. அந்தத் தனி உறுப்புகளைக் குரோம் தோல் எப்படி எதிர்கொள்கிறது, பட்டைத் தோல் எப்படி எதிர்கொள்கிறது? ஐரோப்பிய வணிகர் ஒரு சரக்கை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்பது இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்திருக்கிறது. பம்மலிலும் நாகல்கேணியிலும் தோலில் கை நனைக்கிறவர்களின் கூலியும் அதைப் பொறுத்ததுதான்.

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். தோலின் உடம்பு கொலாஜன் என்னும் புரத நார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய அதன் அமைப்பை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கிண்டியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் வேலை செய்தவர்கள். அதே சாலையில் கொஞ்சதூரத்தில், அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டிருந்தது. தோலின் அமைப்பும் தோலின் தொழிலும் ஒரே ஊரில் கூப்பிடு தூரத்தில் ஆராயப்பட்டது தென்சென்னைக்கு வாய்த்த பேறு. இன்னும் நாம் அதைப் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

பச்சைத் தோலைச் சுடுதண்ணீரில் போட்டால் அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருங்கிவிடும். பதனிடுவது என்பது அந்த நார்களை ஒன்றோடொன்று கட்டிவைப்பது. குரோமிய சல்பேட்டு, கொலாஜனின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்து, நாருக்கும் நாருக்கும் நடுவே உலோக முடிச்சு போடுகிறது. அப்படிக் கட்டிய தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டையில் இருக்கும் டானின் பெரிய மூலக்கூறு. உடம்பெல்லாம் பீனால் ஹைட்ராக்சில். அது நார்களின் இடைவெளியில் புகுந்து உட்கார்ந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பல இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தோல் எழுபத்தைந்து முதல் எண்பத்தைந்து டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். டிரம்மில் சுற்றும் குரோம் வேலை ஒரு நாளில் முடியும். குழியில் ஊறும் பட்டை வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும்.

மதராஸ் அரசு 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் தலைமையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியதற்கு முக்கியமான ஒரு காரணம் நம் கிணறுகள். கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் தோல் பை நாள் முழுக்க நனைந்து காய்ந்து நனைந்து காயும். பட்டையில் பதனிட்ட தோலிலிருந்து டானின் மெல்லக் கரைந்து வெளியேறிவிட, பை சீக்கிரம் மக்கிப்போகும். குரோம் முடிச்சு தண்ணீரில் கரையாது. உழவருக்கு நீண்டநாள் உழைக்கும் பை வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு இந்த மண்ணுக்கு வந்த தொழில் அது. குரோமைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். பதனிட்ட தோலை அப்படியே காயவைத்தால் அட்டைபோல் விறைத்துவிடும். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகர வேண்டுமானால் எண்ணெய் ஏற்ற வேண்டும். ஃபேட் லிக்கர் என்று டேனரிகளில் சொல்லும் அந்தக் கலவையில் மீன் எண்ணெய்க்குப் பழைய மரியாதை உண்டு. தோலுக்கு அது தரும் மென்மையும் தொடு சுகமும் தனி. தொல்லை தொடங்குவதும் அதில்தான்.

மீன் எண்ணெய் எளிதில் காறிச் சிக்கு வாடை அடிப்பதற்குக் காரணம் அதன் கொழுப்பமிலங்களில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் மிக இளகலாகக் கட்டப்பட்டது. சாதாரணக் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 410 கிலோஜூல் அளவுக்குத் தேவை என்றால், இந்த இடைக் கார்பனில் சுமார் 318 போதும். சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்திருக்கும் லினோலெயிக் அமிலத்தில் இப்படிப்பட்ட இடைக் கார்பன் ஒன்று. மீன் எண்ணெயின் ஐந்து இரட்டைப் பிணைப்பு கொண்ட அமிலத்தில் நான்கு.

வெயிலோ, சூடோ, இரும்புத் துகளோ எங்கோ ஒரு பிணைப்பைச் சரிபாதியாகப் பிளக்கிறது. இரண்டு எலக்ட்ரானில் ஆளுக்கு ஒன்று. இணையற்ற எலக்ட்ரானோடு தவிக்கும் துண்டுதான் தனி உறுப்பு. அது கிட்டே இருக்கும் எண்ணெய் மூலக்கூறின் இளகிய ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன் எலக்ட்ரானுக்கு இணை தேடிக்கொள்கிறது. இப்போது எண்ணெய் தனி உறுப்பாகிவிட்டது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறிலேயே இணையற்ற எலக்ட்ரான்கள் இரண்டு உண்டு என்பதால், எண்ணெய் உறுப்போடு அது சேர்வதற்குத் தடையே இல்லை. இரண்டும் சந்தித்தால் வினை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறப்பது பெராக்சில் உறுப்பு.

சங்கிலியின் வேகத்தை நிர்ணயிக்கும் படி அடுத்தது. பெராக்சில் உறுப்பு இன்னோர் எண்ணெய் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அதற்குக் கிடைக்கும் புதிய ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை ஏறக்குறைய 368 கிலோஜூல். 410ஐ உடைத்து 368ஐப் பெறுவது நட்டம். 318ஐ உடைத்து 368ஐப் பெறுவது லாபம். எந்த எண்ணெய் கெடும், எது தாங்கும் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதுமான விளக்கம். ஆனால் லாபமாக இருந்தாலும் இந்தப் படி மெதுவானது: லினோலெயிக் அமிலத்துக்கு அறை வெப்பநிலையில் வேக மாறிலி சுமார் 60 லிட்டர்–மோல்–வினாடி அளவில்தான். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டைத் தோலிடம் போகும்போது அதை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஹைட்ரஜனைப் பெற்ற பெராக்சில், ஹைட்ரோபெராக்சைடாகி அடங்குகிறது. அதன் இடத்தில் புதிய எண்ணெய் உறுப்பு ஒன்று கிளம்பியிருக்கும். சங்கிலி வளர்ந்துகொண்டே போகும். ஹைட்ரோபெராக்சைடின் அடக்கமும் தற்காலிகம். அதன் நடுவில் இருக்கும் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு மிகப் பலவீனமானது, 190 கிலோஜூல் அளவு. சூட்டிலோ உலோக அயனியின் தொடுதலிலோ அது உடைந்தால் ஒன்றிலிருந்து பல சங்கிலிகள் புறப்படும். அதனால்தான் எண்ணெய் வெகுநாள் நன்றாக இருந்து, பிறகு திடீரென்று கெடுகிறது. தொடக்கத்தில் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் அந்தத் தாமதக் காலம், தோல் ஏற்றுமதியில் பெரிய ஆபத்து.

குரோம் தோலில் இந்த எண்ணெய்ச் சங்கிலிக்கு வெகு அருகில் குரோமியம் இருக்கிறது. முடிச்சு போட்ட குரோமியம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருப்பது. உடலுக்குப் பெரிய தீங்கில்லாதது. தோலில் நிலவும் மிதமான அமிலச் சூழலில் வெறும் காற்று அதை ஒன்றும் செய்துவிடாது. பெராக்சைடுகளும் பெராக்சில் உறுப்புகளும் அப்படி விட்டுவைப்பதில்லை. படிப்படியாக மூன்று எலக்ட்ரான்களைப் பறித்து, அதை ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடுகின்றன. டேனரிக்காரர்கள் அச்சத்தோடு உச்சரிக்கும் ‘குரோம் சிக்ஸ்’ அதுதான். தோல் ஒவ்வாமை உண்டாக்குவது. புற்றுநோய்க் காரணி என்று உறுதியானது. பி.எஸ்சி. செய்முறையில் பச்சைக் குரோமிய உப்பைக் காரமாக்கி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுச் சூடாக்கி, மஞ்சள் குரோமேட்டாக மாறுவதைப் பார்த்திராத வேதியியல் மாணவர் கிடையாது. சோதனைக் குழாயில் சில நிமிடங்களில் நடப்பது செருப்புக்குள் மாதக்கணக்கில், மிகச் சிறிய அளவில் நடக்கிறது.

எவ்வளவு சிறிய அளவு என்பதைப் பார்க்க வேண்டும். உடலைத் தொடும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் குரோம் சிக்ஸ் இருக்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல குரோம் தோலில் குரோமிய ஆக்சைடாகக் கணக்கிட்டால் 4 சதவீதம் இருக்கும். தனிக் குரோமியமாகக் கிலோவுக்கு 27,000 மில்லிகிராம். அப்படியானால் ஒன்பதாயிரம் குரோமிய அணுக்களில் ஒன்று நிலை மாறினாலே சரக்கு தோற்றுவிடும். தொழிற்சாலை வாசலில் சோதித்தபோது ஒன்றும் இல்லை, ஹாம்பர்கில் சோதித்தபோது இருக்கிறது என்ற சண்டைகளில் இரு தரப்பும் உண்மை சொல்லியிருக்கக்கூடும். நடுவில் தாமதக் காலம் முடிந்திருக்கும்.

இதில் கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குரோம் சிக்ஸ் உருவாவதற்கு வறண்ட சூடு மிகவும் தோது. காற்றில் ஈரப்பதம் ஏற ஏற அது குறைகிறது. பல்லாவரத்துக் கிடங்கில் கடற்காற்றின் ஈரத்தில் பாதுகாப்பாகக் கிடந்த தோல், குளிர்நாட்டில் கணப்பு போட்டு வறண்டுபோன அறைக்குப் போனபின் மாறத் தொடங்கலாம். இந்த ஊர் வானிலையை நம்பித் தோலை மதிப்பிட முடியாது. அதனால்தான் 80 டிகிரியில், ஈரமில்லாக் காற்றில், ஒரு நாள் முழுக்கத் தோலை வைத்து முதுமையாக்கிச் சோதிக்கும் வழக்கம் வந்திருக்கிறது.

இப்போது பட்டைத் தோல். அதிலும் எண்ணெய் உண்டு, காற்று உண்டு, தொடங்கிவைக்கச் சூடும் வெயிலும் உண்டு. சங்கிலி தொடங்கத்தான் செய்கிறது. ஆனால் பெராக்சில் உறுப்புக்கு அங்கே எண்ணெயைவிட எளிதான இரை காத்திருக்கிறது. டானினின் பீனால் ஹைட்ராக்சிலில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்குவது மிகச் சுலபம். பீனால் வகைத் தடுப்பான்களில் நன்றாக அளக்கப்பட்ட வைட்டமின் ஈயை எடுத்துக்கொண்டால், பெராக்சிலோடு அதன் வேக மாறிலி 30 லட்சத்துக்கு மேல். எண்ணெய்க்கு நாம் பார்த்த எண் 60. ஐம்பதாயிரம் மடங்கு! அதனால்தான் தடுப்பான் மிகக் கொஞ்சம் இருந்தாலும், எண்ணெய்க்கு முறை வருவதற்குள் பெராக்சில் தீர்ந்துபோகிறது. டானின்கள் எல்லாமே வைட்டமின் ஈயின் வேகத்தை எட்டும் என்று சொல்லவில்லை. வழி ஒன்றுதான், தோலில் அவற்றின் அளவோ மிக அதிகம்.

ஹைட்ரஜனை இழந்த டானினும் தனி உறுப்புதானே, அது ஏன் சங்கிலியைத் தொடரவில்லை? அதன் இணையற்ற எலக்ட்ரான் ஓரிடத்தில் நில்லாமல் பென்சீன் வளையம் முழுக்கப் பரவிவிடுகிறது. அடுத்த எண்ணெய் மூலக்கூறைத் தாக்கும் வேகம் அதற்கு இல்லை. 1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் கண்டறிந்த முதல் கரிமத் தனி உறுப்பும் மூன்று வளையங்களில் எலக்ட்ரானைப் பரப்பித்தான் உயிர்பிழைத்திருந்தது. டானின் உறுப்பு இன்னொரு பெராக்சிலையோ, தன்னைப் போன்ற இன்னோர் உறுப்பையோ சந்தித்துச் சேர்ந்துகொள்கிறது. சங்கிலி முடிவுற்றது. இதோடு டானினுக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு: ஹைட்ரோபெராக்சைடை உடைக்கும் இரும்பைக் கட்டிப்போடுவது; குரோம் சிக்ஸ் எங்காவது பிறந்திருந்தால் அதைத் திரும்ப மூன்றாம் நிலைக்கு இறக்குவது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பட்டைக்கு மாலை போட்டு முடித்துவிடலாம். அது நேர்மையாகாது. தனி உறுப்பைத் தாங்கும் டானின் தன்னையே செலவழிக்கிறது. ஆவாரம்பட்டையின் டானின் கேட்டகின் அலகுகள் தொடுத்த வகை; ஒளி பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் குயினோன்களாகி நிறம் ஏறும். வெறும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை வெயிலில் வைத்தால் வெகு சீக்கிரம் சிவந்துவிடும் என்பது பழைய டேனரிகளுக்குத் தெரியும். அதனால் ஆவாரங்குழியில் இருந்து எடுத்த தோலைக் கடைசியாகக் கடுக்காய்க் கரைசலில் போட்டார்கள். கடுக்காயின் டானின் வேறு குலம்: கேலிக் அமில வழி வந்த செபுலினிக், செபுலாஜிக் அமிலங்கள். அவை அப்படிச் சிவப்பதில்லை. மேற்பரப்பில் நின்று அடியில் இருக்கும் ஆவாரையையும் காக்கின்றன. பெராக்சில், குயினோன் என்ற பெயர்கள் எதுவும் தெரியாத கைகள் ஒரு தடுப்பானுக்கு மேல் இன்னொரு தடுப்பானை வைத்திருக்கின்றன. இந்த ஒரு செய்முறைக்காகவே ஈ.ஐ. தோலை வேதியியல் வரலாற்றில் எழுதிவைக்கலாம்.

ஆனாலும் காலம் அதையும் வென்றது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நூலகங்களுக்கு நம் ஊர் ஆட்டுத் தோல் ‘பெர்சியன்’ என்ற வணிகப் பெயரில் நூல்கட்டுக்குப் போனது. நிலக்கரிப் புகையும் வாயு விளக்கும் நிறைந்த அந்த ஊர்களில் கந்தக டையாக்சைடைக் குடித்த தோல், சில பத்தாண்டுகளில் செம்பொடியாக உதிர்ந்தது. செவ்வழுகல் என்று தோல் வல்லுநர்கள் சொல்லும் நோய் அது. அமிலமும் ஆக்சிஜனேற்றமும் கைகோத்துச் செய்வது. நூல்கட்டுத் தோல் பற்றி லண்டனில் அமைத்த குழு 1905இல் வெளியிட்ட அறிக்கை, கேட்டகின் வகைப் பட்டைகளில் பதனிட்ட தோலைக் குறை சொல்லியது. அதில் கிழக்கிந்தியத் தோல்கள் மிக மோசமான வரிசையில் வந்தன. பட்டைத் தோல் தனி உறுப்புகளை விழுங்குகிறது, உண்மை. விழுங்கி விழுங்கிக் கடைசியில் அதுவே நோயாளி ஆகிறது. குரோம் தோலுக்குச் செவ்வழுகல் வருவதில்லை.

எனவே என் ஒப்பீடு இங்கே வந்து நிற்கிறது. இரண்டு தோலிலும் ஓடுவது ஒரே சங்கிலி. குரோம் தோலில் கட்டுமானத்துக்குச் சேதமில்லை. ஆனால் கட்டுமானப் பொருளில் ஒரு சிறு பகுதி நஞ்சாகிறது, அதன் விலையைத் தருபவர் தோலை அணிகிறவர். பட்டைத் தோலில் அணிகிறவருக்குத் தீங்கில்லை. விலையைத் தோலே கொடுத்துவிடுகிறது. குரோம் தோலின் குற்றவாளியாகக் குரோமியத்தை மட்டும் நிறுத்துவதும் பிழை. சங்கிலியைத் தொடங்குவதும் வளர்ப்பதும் எண்ணெய். இடைக் கார்பன் குறைந்த எண்ணெயைத் தேர்ந்தால் அதே குரோமியம் பல ஆண்டுகள் மூன்றாம் நிலையிலேயே கிடக்கும்.

மருந்து எங்கே என்பதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. குரோம் தோலை இரண்டாம் முறை பதனிடும்போது, அதன் எடையில் 1 முதல் 3 சதவீதம் அளவுக்குத் தாவர டானின் சேர்த்தால் குரோம் சிக்ஸ் உருவாவது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நீலகிரியில் வளரும் வாட்டில் பட்டையின் சாறும் இதற்கு உதவும். நாம் பார்த்த வேக எண்களைக் கொண்டு யோசித்தால் இவ்வளவு சிறிய அளவு ஏன் போதுமாக இருக்கிறது என்பது விளங்கும்: தடுப்பான் எண்ணெயின் அளவுக்கு இருக்கத் தேவையில்லை, பெராக்சிலை முந்திக்கொண்டு பிடித்தால் போதும். எதிர்த்திசையிலும் இந்தக் கலப்பு பழையது. நம் ஈ.ஐ. தோலை வாங்கிய வெளிநாட்டுத் தொழிற்சாலைகள், பட்டையின் ஒரு பகுதியைக் கழுவி எடுத்துவிட்டு, அதன்மேல் குரோம் ஏற்றிச் ‘செமி குரோம்’ தோலாக்கி விற்றன. ஆக, ஒருவர் பட்டைக்கு மேல் குரோம் வைத்தார், மற்றவர் குரோமுக்கு மேல் பட்டை வைக்கிறார். குழியும் டிரம்மும் எதிரிகள் என்ற பேச்சு விற்பனைக்காரர்கள் உண்டாக்கியது.

ஊரின் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் டேனரிக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை அங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் கிணற்றிலேயே கண்டார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதியை நாட்டின் சட்டமாக்கியது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்து டேனரிகளும் அந்தத் தீர்ப்புக்குள் வந்தன. மிகச் சரியான தீர்ப்பு. ஆனால் பொதுப் பேச்சில் இரண்டு குரோமியங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. டேனரிக் கழிவில் பெரும்பாலும் இருப்பது மூன்றாம் நிலை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் தமிழ்நாடு குரோமேட்ஸ் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்திருக்கும் கழிவில் இருப்பது ஆறாம் நிலை. தண்ணீரில் எளிதாகக் கரைந்து நகரக்கூடியது. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதினால் இரண்டும் தீராது. மூன்றாம் நிலையைத் தொழிற்சாலைக்குள்ளேயே வீழ்படிவாக்கி மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். மூன்றாம் நிலைதானே என்று அலட்சியமாகத் திறந்துவிடுவதும் குற்றம்தான்.

பட்டையின் கழிவும் சுத்தமானது என்று எண்ணிவிடக் கூடாது. கறுத்த, ஆக்சிஜனைக் குடிக்கும் அந்த நீரில் நுண்ணுயிர்கள் டானினைச் சிதைக்க வெகுநாள் எடுக்கும். உலகின் செருப்பு முழுவதையும் பட்டையில் பதனிட வேண்டுமென்றால் அதற்கு உரிக்க அத்தனை காடும் இல்லை.

என் முடிவு இது. அரைக்கச்சை, பை, செருப்பின் உள்தகடு போன்றவற்றுக்கு நம் பட்டைத் தோலே பொருத்தம்; அங்கே கடுக்காயை மறுபடி கொண்டுவர வேண்டும். மழையும் வியர்வையும் படும் செருப்பின் மேல்தோலுக்குக் குரோம்தான், ஆனால் தாவர டானின் சேர்க்காத குரோம் தோல் தொழிற்சாலையை விட்டு வெளியே போகக் கூடாது. மீன் எண்ணெய்க்கு மாற்றாக நிறைவுற்ற எண்ணெய்களைத் தேட வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வகுப்புகளில் தனி உறுப்பு என்றால் மீத்தேனும் குளோரினும் வெயிலும்தான். கொஞ்சம் மேலே போனால் பெராக்சைடு விளைவுக்காகக் காரஷின் பெயர். அந்த மீத்தேன் வினையைக் கண்ணால் பார்த்த மாணவர் எங்கும் இல்லை. 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தைக் காடாக்கிய எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே வேதியியல் பேராசிரியர். செடியையும் சோதனைக் குழாயையும் பிரித்துப் பார்க்காதவர். அந்த மரபு உள்ள வட்டாரத்தில் இதைச் செய்யலாம். ஒரே குரோம் தோலின் துண்டுகளில் ஒன்றை அப்படியே, ஒன்றைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, இரண்டையும் 80 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வையுங்கள். பிறகு பிஎச் 8 பாஸ்பேட் கரைசலில் சாறெடுத்து, அமிலமாக்கி, டைபீனைல்கார்பசைடு விட்டுப் பாருங்கள். குரோம் சிக்ஸ் இருந்தால் ஊதா நிறம் தெரியும். 540 நானோமீட்டரில் அளந்து எண்ணாகவும் எழுதலாம். கைகளுக்கு உறையும் கழிவுக்குத் தனிக் குப்பியும் கட்டாயம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை இருக்கும் கல்லூரிகள் எதிலும் இதற்கு வேண்டிய கருவிகள் இல்லாமல் இராது.